ரேடியோ அக்காவின் ரகசிய ஜெபம்

ரேடியோ அக்கா ஒரு நாளில் ஆண்டவரோடு பேசுகிற பேச்சில் பாதி நன்றி, கால்வாசி வேண்டுதல், மிச்சமெல்லாம் புகார். ஞாயிற்றுக்கிழமை சபையில் கண்ணை மூடி, குரலைத் தாழ்த்தி ஜெபிப்பதும் உண்டு. ஆனால் அது நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய் நாற்காலி நுனியில் உட்காருவது மாதிரி. மனசு விட்டுப் பேசுவதெல்லாம் வேலை இடத்தில்தான்.

வேலை, ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில். அக்கா நிற்பது ரோலரில். கட்டில் அகலத்துக்கு ஒரு சூடான உருளை அது. ஈர விரிப்பின் ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து, சுருக்கமில்லாமல் உள்ளே கொடுக்க வேண்டும். பின்பக்கம் மொடமொடவென்று இஸ்திரியாகி வெளியே வரும். அந்த ரோலர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அக்காவுக்கு அதைவிட நல்ல ஜெப அறை கிடையாது. கை பாட்டுக்கு விரிப்பைக் கொடுக்கும், வாய் பாட்டுக்கு ஆண்டவரிடம் பேசும். யாருக்குக் கேட்கப் போகிறது?

போன வருஷம் பழைய ரோலரைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார்கள். "இதுவும் அதே இரைச்சல்தானே, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று அக்கா கேட்டாள். மேற்பார்வையாளர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

ரேடியோ அக்கா என்று பெயர் வைத்தவர் ஈரத்துணியைத் தள்ளுவண்டியில் கொண்டு வரும் வண்டிக்காரர். தன் ஓயாத வாய்க்குத்தான் இந்தப் பட்டம் என்று அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்.

அக்காவுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. காது. முதலில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் போனது. அது போனால் போகட்டும் என்று விட்டாள். பிறகு ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்த பிறகுதான் வெளியே கொட்டோ கொட்டென்று மழை கொட்டுவது தெரிந்தது. நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துச் சமாளித்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் யாராவது கூப்பிட்டால் போச்சு.

ரோலரில் நிற்கிறவளுக்குக் காது முக்கியம். விரிப்போடு விரலோ சட்டைக்கையோ உள்ளே இழுபட்டால், எதிர்முனைக்காரி "நிறுத்து!" என்று கத்துவாள். நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அக்கா பக்கத்தில் இருந்தது. காது கேட்காதவளை அங்கே நிறுத்த மாட்டார்கள், வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். வீட்டில் முதுகு ஒடிந்த கணவர். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய், வேலையை விட்டு உட்கார்ந்திருக்கிறவர். இவளும் போய் உட்கார்ந்தால் அடுப்பு எப்படி எரியும்?

அதனால் தினமும் காலையில் ரோலர் ஓடத் தொடங்கியதும் அவளுடைய முதல் ஜெபம் இதுதான்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். இன்னைக்கும் எழுப்பி விட்டீர், நன்றி. என் காது செவிடாயிட்டு வர்றது உமக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். இங்க ஒரு குருவிக்கும் தெரியக் கூடாது. காதும் காதும் வச்ச மாதிரி நீரே பாத்துக்கும்."

ஆண்டவரும் பார்த்துக்கொண்டார். ஒன்றா இரண்டா, அவளுக்குக் கிடைத்த பதில்கள்! "ஈர மூட்டையை அவ்வளவு தூரத்துல இருந்து இழுத்து இழுத்து என் தோள் கழண்டு போகுது ஆண்டவரே" என்று ஒரு நாள் முறையிட்டாள். மறுநாள் முதல் வண்டிக்காரர் வண்டியை அவள் காலடியிலேயே கொண்டு வந்து நிறுத்தினார். மேற்பார்வையாளருக்குத் தூரத்தில் நின்று விசில் அடித்துக் கூப்பிடுகிற பழக்கம். "இந்த விசில் அடிக்கிற புத்தியை இவரை விட்டு எடுத்துப்போடும். மனுஷன்னா கிட்ட வந்து முகத்தைப் பாத்துப் பேச வேண்டாமா? நாமென்ன ஆடா மாடா?" என்று கேட்டாள். அந்த வாரமே மனிதர் விசிலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நேரே வந்து முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அக்கா சபையில் எழுந்து நின்று இதைச் சாட்சியாகவே சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் ஆண்டவரைத் துதித்தார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கணவரிடம் மாசக்கணக்காகச் சொல்லிப் பார்த்தாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்பாரே தவிர, பார்த்த பாடில்லை. ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வாய்க்குள்ளேயே, "இந்த மனுஷனுக்கு முதுகுதான் போச்சு, கையுமா போச்சு ஆண்டவரே? ஒரு குழாயைத் திருகினா குறைஞ்சா போயிடுவாரு?" என்று கேட்டுவிட்டாள். அவள் வேலை முடிந்து திரும்பி வந்தபோது குழாய் சொட்டுப் போடாமல் நின்றிருந்தது.

"பாத்தீங்களா, நீங்க காதுலயே போட்டுக்கலை. அவர்கிட்ட சொன்னேன், முடிஞ்சுது" என்றாள்.

"ஆமாமா, உன் ஆண்டவருக்குக் காது ரொம்பக் கூர்மை" என்றார் கணவர்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பதில் வரவில்லை. அது கடுகு விஷயம்.

கடுகு என்பவள் ரோலரின் எதிர்முனையில் நிற்கிறவள். ஆளும் சின்னது, கோபம் வந்தால் வெடிப்பதும் படபடவென்று. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் மடியில் குழந்தை இல்லை. ஒரு நாள் உடை மாற்றுகிற அறையில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாவதும் தங்கலைக்கா. மூணு மாசம் தாண்டறதுக்குள்ள போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லி அழுதாள். அக்கா சத்தியம் செய்து கொடுத்தாள். அந்தச் சத்தியத்தையும் காப்பாற்றினாள். ஈ காக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னாள், தினமும்.

"ஆண்டவரே, இந்தக் கடுகுக்கு ஒரு பிள்ளையைக் கொடும். ரெண்டு தடவை கொடுத்து ரெண்டு தடவை எடுத்துட்டீர். இது நல்லா இல்லை, சொல்லிட்டேன். பாவம், சாப்பிடாம கொள்ளாம கிடக்கா. அடுத்த தடவை கொடுத்தா கெட்டியா கொடும்."

இப்படி உருகி உருகிக் கேட்டும் கடுகின் முகத்தில் கடுகளவு சிரிப்பில்லை. காலையில் அக்கா நலம் விசாரித்தால் பதிலே வராது. போதாக்குறைக்கு, விரிப்பு சரியாகப் போகவில்லையென்றால் வாயைத் திறந்து சொல்லாமல் தன் முனையை வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுப்பாள். அக்காவுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் பொத்தானை அழுத்திவிடுவாள். "இவளுக்குப் பிள்ளையோட சேர்த்துக் கொஞ்சம் மரியாதையையும் கொடும் ஆண்டவரே" என்று ஜெபத்தில் ஒரு வரியைக் கூட்டிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை கடுகு வேலைக்கு வரவில்லை. சில நாள் லீவு என்றார்கள். அவள் இடத்தில், துண்டு மடிக்கிற மேசையிலிருந்து ஒருத்தியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

அக்கா வழக்கம்போல ஸ்தோத்திரம் சொல்லி, காது விஷயத்தைச் சொல்லி, கடுகு விஷயத்துக்கு வந்துகொண்டிருந்தாள். விரிப்பு போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று யாரோ அவள் தோளை இடித்துத் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தால் வண்டிக்காரர். அவர் கை சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. ரோலர் நின்றிருந்தது. எதிர்முனையில் புதியவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் சட்டைக்கை முழங்கை வரைக்கும் கிழிந்து, ஒரு துண்டு உருளையில் சிக்கித் தொங்கியது.

கையில் கீறல்கூட இல்லை. ஆண்டவர் காத்தார். ஆனால் அவள் வாய் அடங்கவில்லை. பயத்தில் அழுதுகொண்டே அக்காவின் முகத்துக்கு நேராக வந்து கத்தினாள்.

"நிறுத்து நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க பாட்டுக்கு ஜெபம் பண்ணிட்டிருக்கீங்க! காது கேக்கலை, காது கேக்கலைன்னு தினமும் காலையில நீங்களே ஊரைக் கூட்டிச் சொல்றீங்க. அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை.

"நான் சொன்னேனா? யார்கிட்ட?"

"ஆண்டவர்கிட்டதான்! எங்க மேசை வரைக்கும் கேக்குது!"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். ரோலர் நின்று கிடக்கிறது. ஆனால் அந்த இரைச்சல் நிற்கவே இல்லை. கும்மென்று, அதே மாதிரி, ஓடிக்கொண்டே இருந்தது. கையால் காதைப் பொத்திப் பார்த்தாள். அப்போதும் ஓடியது. இரைச்சல் இயந்திரத்தில் இல்லை, தன் காதுக்குள் இருக்கிறது என்று அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் கேட்டபோதெல்லாம் வேலை இடத்தின் மிச்சம் என்றே நினைத்திருந்தாள். புது ரோலர் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடுகிற ரகம். இந்த இரைச்சலை மீற வேண்டுமென்று அவள்தான் ஒரு வருஷமாகத் தொண்டையைத் திறந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். ரேடியோ என்று பெயர் வைத்தது எதற்கு என்றும் சேர்ந்தே புரிந்தது.

நேரே மேற்பார்வையாளரிடம் போனாள். "எனக்குக் காது சரியில்லைங்க. மறைச்சது தப்பு. இன்னைக்கு ஒரு பொண்ணு கை போயிருக்கும்" என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் எழுந்து வந்து அவள் முகத்துக்கு எதிரே நின்றார்.

"தெரியும்க்கா. என் விசிலைப் பத்தி நீங்க சொன்னது உட்பட எல்லாம் தெரியும். தப்பு என் பேர்லயும் இருக்கு. விரிப்பை ரெண்டு தடவை இழுத்தா நீங்க நிறுத்தறீங்க, நான் சமாளிச்சுக்கிறேன்னு கடுகு சொன்னா. சரின்னு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. காதைப் பரிசோதனை பண்ணி, மிஷின் வச்சுக்கிட்டு வாங்க. அது வரைக்கும் துண்டு மடிக்கிற மேசை. வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

வேலை போகவில்லை. ஆனால் அக்கா அதற்கு நன்றி சொல்லக்கூட மறந்து நின்றாள். அவள் நினைப்பு வேறெங்கோ ஓடியது. வெடுக்கென்று இழுத்தது கோபமில்லையா? அப்படியென்றால் கடுகுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கடுகுக்கு மட்டுமா? யாரிடமும் சொல்லாதே என்று அழுதவளுடைய வேதனையை, இந்தக் கூடம் முழுக்க, தினம் தினம், தம்பட்டம் அடித்திருக்கிறாள்!

அன்று வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கணவர் தேநீர் போட்டுக் கொண்டு வந்து எதிரில் அமர்ந்தார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

"முதல் நாள்ல இருந்து."

"அப்போ குழாய்?"

"நான்தான்."

அக்காவுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "வண்டியைக் கிட்ட நிறுத்தினது வண்டிக்காரர். விசிலை விட்டது மேற்பார்வையாளர், நான் சொன்னது காதுல விழுந்து. குழாய் நீங்க. நான் ஆண்டவர் செஞ்சார்னு சபையில எழுந்து நின்னு சாட்சி வேற சொன்னேன்! அப்போ அவர் ஒண்ணுமே செய்யலையா?"

கணவர் சபைக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கி விழுகிற ரகம். பிரசங்கமெல்லாம் அவருக்கு வராது. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"குழாயைப் பத்தி என்கிட்ட எத்தனை தடவை சொன்னே? நான் எழுந்தேனா? அவர்கிட்ட நீ சொன்னதைக் கேட்ட அப்புறம்தான் எழுந்தேன். படுத்திருந்தவனை எழுப்பினது யாரு? நான் என்ன அவ்வளவு நல்லவனா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பேசிய உருப்படியான பேச்சு இது ஒன்றுதான் என்று தோன்றியது. அவர் கொடுத்த தேநீரைக் குடித்தாள். நன்றி என்று ஒரு சொல் சொன்னாள். அதை யாருக்குச் சொன்னாள் என்று அவரும் கேட்கவில்லை.

இருந்தாலும் கடுகு நினைப்பு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் முதல் துண்டு மேசையில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வேலை செய்தாள். ஜெபம் இருந்தது, எல்லாம் உள்ளுக்குள். கூடத்தில் என்னவோ குறைந்த மாதிரி எல்லாரும் அவள் பக்கம் பார்த்துப் பார்த்துப் போனார்கள். வண்டிக்காரர் ஒரு நாள் அவள் எதிரே வந்து, "என்னக்கா, ஸ்டேஷன் மூடியாச்சா? என் மூட்டுவலி இப்பதான் பாதி குறைஞ்சுது, மீதியை யார் கேக்கிறது?" என்றார். அவருக்காக ஜெபித்ததே அவளுக்கு மறந்து போயிருந்தது. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

லீவு முடிந்து கடுகு வந்தாள். ரோலர் பக்கம் போகாமல் நேரே துண்டு மேசைக்கு வந்து அக்காவின் எதிரில் நின்றாள். அக்கா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. மெதுவா பேசறதா நினைச்சுட்டேன். உன் விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லலைன்னு நினைச்சுட்டு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

கடுகு ஒரு துண்டை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, அக்காவுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

"முதல் நாள் காதுல விழுந்தப்ப அந்த ஈர விரிப்பை உங்க தலையிலயே போட்டு மூடிடலாம்னு இருந்துச்சு. அவ்வளவு கோபம். உங்க வாயை அடைக்கச் சொல்லலாம்னு மேற்பார்வையாளர்கிட்ட போகக் கிளம்பினேன்."

"போயிருக்கலாமே."

"மறுநாளும் கேட்டீங்க. அதுக்கு மறுநாளும். எங்க வீட்ல எல்லாரும் விட்டுட்டாங்கக்கா. எங்கம்மாவே, அது உன் தலையெழுத்துன்னு சொல்லி வாயை மூடிட்டாங்க. நானும் விட்டுட்டேன். நீங்க ஒருத்தர்தான் விடாம கேட்டீங்க. அதுவும் எப்படி! ஆண்டவர்கிட்டயே சண்டைக்கு நின்னீங்க, இது நல்லா இல்லைன்னு." கடுகு இன்னொரு துண்டை எடுத்தாள். "எனக்கு சாமி, சபை எதுவும் பழக்கமில்லை. காலையில எழுந்திரிக்கவே பிடிக்காத நாள்லகூட, அங்க போனா எனக்காக ஒரு ஆள் சண்டை போடும்னு எழுந்து வந்தேன்."

"நான் நலம் விசாரிச்சா பதில்கூடச் சொல்ல மாட்டியே?"

"தினமும் சொன்னேன்க்கா. உங்களுக்குக் கேக்கலை."

அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. ரேடியோ என்று பெயரெடுத்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை.

கடுகு மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். அக்காவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"டாக்டரைப் பாக்கத்தான் லீவு. ரோலர் சூட்டுல நிக்கக் கூடாதாம், அதான் இங்க அனுப்பியிருக்காங்க. இப்ப ரெண்டு மாசம். வீட்டுக்காரரையும் மேற்பார்வையாளரையும் தவிர யாருக்கும் சொல்லலை. மூணாவதும் தங்காதோன்னு பயமா இருக்கு. ஜெபிங்கக்கா."

"வீட்டுக்குப் போய் மனசுக்குள்ள..."

"மனசுக்குள்ள ஜெபிச்சா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"இங்கயா? எனக்கு மெதுவா பேச வராதேம்மா. எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே!"

"தெரிஞ்சா தெரியட்டும். எனக்கு உங்க குரல் வேணும்."

அக்கா கண்ணை மூடினாள். தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தினாள். ஆண்டவரே, உமக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தொடங்கினாள். கொடுத்துட்டீர் ஐயா, கொடுத்துட்டீர், இனி இதைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கும், ஒரு நாள் ஒரு பொழுது விட்டுடாதேயும் என்று கெஞ்சினாள். அவள் தாழ்த்திய குரல் ரோலரைத் தாண்டி, உலர்த்துகிற இயந்திரங்களைத் தாண்டி, வாசலில் வண்டி நிற்கிற இடம் வரைக்கும் போயிற்று.

வண்டிக்காரர் சட்டென்று குனிந்து சக்கரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ரோலரில் நின்றவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்ததை மறுபடியும் மறுபடியும் துடைத்தார். கை நசுங்காமல் தப்பித்தவள் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்தச் சலவைக்கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்காமல் போயிற்று.